வீட்டில் எலிக்குட்டிகள்: இணை சேர்ப்பது முதல் குட்டி பிரிப்பது வரை, கூண்டுப் படுக்கையோடு ஒரு முழு வழிகாட்டி

எலி வளர்ப்பு என்றதும் பேச்சு தீவனத்துக்கும் கூண்டுக்கும் போய்விடும். கூண்டின் தரையில் என்ன விரித்திருக்கிறது என்ற கேள்வி கடைசியில்தான் வரும், அதுவும் நாற்றம் அடிக்கத் தொடங்கிய பிறகு. எலியின் மூக்கோ எந்நேரமும் தரையை ஒட்டியே இருக்கிறது. கண் திறக்காத குட்டி முதல் இரண்டு வாரமும் அந்த விரிப்புக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. அதனால் இனப்பெருக்கத்தையும் படுக்கையையும் இங்கே தனித்தனியாகச் சொல்லப் போவதில்லை. சினை பிடித்த நாளிலிருந்து குட்டியைப் பிரிக்கும் நாள்வரை எந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது, அப்போது விரிப்பை என்ன செய்ய வேண்டும் என்று சேர்த்தே பார்ப்போம். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: கூடு உலர்வாக இருக்க வேண்டும், எலியின் வாசனையே இல்லாத அளவுக்குத் துடைத்துவிடவும் கூடாது.

இங்கே எலி என்று சொல்வது பல தலைமுறைகளாக மனிதரிடம் பழகிய வளர்ப்பு எலியை. பழுப்பு எலியிலிருந்து, அதாவது ராட்டஸ் நார்வெஜிகஸ் என்ற இனத்திலிருந்து வந்தது. பொறியில் சிக்கிய எலியையோ, தெருவில் கண்டெடுத்த குட்டியையோ வைத்து இனப்பெருக்கம் செய்ய வேண்டாம். அது கொண்டுவரும் கிருமிகளும் மிரட்சியும் உங்களையும் பாதிக்கும், மற்ற எலிகளையும் பாதிக்கும்.

முதலில் குட்டிகளுக்கு வீடு தேடுங்கள்

பெண் எலிக்கு 12 முலைக்காம்புகள். ஓர் ஈற்றில் 8 முதல் 12 குட்டிகள் சாதாரணம். அதற்கு மேலும் போகும். அந்தக் குட்டிகள் ஐந்து, ஆறு வாரத்திலேயே இனப்பெருக்கத் தகுதி பெற்றுவிடும். ஒரு வாரம் கவனம் தப்பினால் தாயும் அதன் பெண் குட்டிகளும் ஒரே நேரத்தில் சினையாகி நிற்கும். ஆகவே ஆணையும் பெண்ணையும் சேர்ப்பதற்கு முன்பே ஆறேழு குட்டிகளுக்காவது உறுதியான வீடு பேசி வையுங்கள். எலி கூட்டமாக வாழும் பிராணி. ஒற்றைக் குட்டியைக் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டாம். ஒரே பாலினத்தில் இரண்டாக எடுப்பவருக்கே கொடுங்கள். வீடு கிடைக்காத குட்டிகள் அனைத்தையும் நீங்களே வைத்துக்கொள்ள இடமும் மனமும் இருக்கிறதா என்பதுதான் கடைசிக் கேள்வி. தயக்கம் இருந்தால் இந்த முறை வேண்டாம்.

எலிகளைப் பரிசோதித்த அனுபவம் உள்ள ஒரு கால்நடை மருத்துவரையும் முன்கூட்டியே கண்டு வையுங்கள். நடு இரவில் பிரசவம் சிக்கலானபோது தேடத் தொடங்கினால் நேரம் போதாது.

பெற்றோரைத் தேர்ந்தெடுப்பது

நிறமும் காதின் வடிவமும் பின்னால் வரட்டும். முதலில் பார்க்க வேண்டியது குணமும் நுரையீரலும். கையில் எடுத்தால் பதறாத, கடிக்காத, மற்ற எலிகளோடு இணங்கிப் போகும் எலியைத் தேர்ந்தெடுங்கள். அடிக்கடி தும்முவது, மூச்சில் கரகரப்பு, கண்ணையும் மூக்கையும் சுற்றிச் சிவப்புக் கறை ஆகியவை இருந்தால் அந்த எலி இப்போதைக்கு வேண்டாம். சிவப்புக் கறையைப் பார்த்ததும் இரத்தம் என்று பயப்படுகிறார்கள். அது கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபிரின் என்ற நிறமி. லேசாக எப்போதாவது வரலாம்; தொடர்ந்து வந்தால் நோயோ மன அழுத்தமோ இருக்கிறது என்று பொருள்.

வளர்ப்பு எலிகளில் மிகப் பரவலான தொல்லை மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற பாக்டீரியா. பல எலிகள் இதை வெளியே தெரியாமல் சுமந்துகொண்டிருக்கும். தாயிடமிருந்து குட்டிக்கும் போய்விடும். வெறுமனே உள்ளே இருப்பதற்கும் நுரையீரல் நோயாக வெடிப்பதற்கும் இடையில் நிற்பது பெரும்பாலும் கூண்டின் காற்றுதான். தூசியும் அமோனியாவும் மூச்சுக்குழாயை அரித்துவைத்தால் பாக்டீரியாவுக்கு வழி திறந்துவிடும். படுக்கையைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு இதுவே காரணம்.

இரண்டு எலிகளின் பெற்றோர் எப்படி இருந்தார்கள், எத்தனை மாதம் வாழ்ந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்று கேளுங்கள். பெண் எலிகளில் மார்புக் கட்டி அதிகம் வரும். இளம் வயதிலேயே கட்டி வந்த குடும்பத்தைத் தவிர்ப்பது நல்லது. உடலில் வெள்ளை மிகுந்த, முகத்தில் வெள்ளைப் பட்டை உள்ள சில வகைகளில் மெகாகோலன் என்ற பெருங்குடல் குறைபாடு வருகிறது. குடல் இயங்காமல் வயிறு உப்பிக் குட்டிகள் செத்துப்போகும். வால் இல்லாத வகைகளில் முதுகெலும்பும் இடுப்பும் பாதிக்கப்படலாம். அழகுக்காக இந்த வகைகளைப் பெருக்குவது எனக்கு உடன்பாடில்லை.

பெண்ணுக்கு முதல் ஈற்று ஏறத்தாழ 4 முதல் 7 மாதத்துக்குள் அமைவது நல்லது. உடல் முழுதாக வளர்ந்திருக்கும், முதுமையின் சிக்கல்களும் தொடங்கியிருக்காது. ஓராண்டைத் தாண்டிய எலிக்கு முதல் ஈற்று வேண்டாம். ஆணுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. சற்று வயதான பிறகே குணமும் உடல்நலமும் தெளிவாகத் தெரியும். எலியின் ஆயுளே 2 முதல் 3 ஆண்டுதான் என்பதால் ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் இரண்டு ஈற்றுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

கூண்டில் என்ன விரிக்கலாம்

நல்ல படுக்கைக்கு நான்கு குணங்கள் வேண்டும்: சிறுநீரை உறிஞ்ச வேண்டும், தூசி பறக்கக் கூடாது, கடித்துத் தின்றாலும் கெடுதல் செய்யக் கூடாது, தாய் எலி இழுத்துவந்து கூடு கட்ட ஏற்றதாக இருக்க வேண்டும். நான்கும் ஒரே பொருளில் அமைவது அரிது. அதனால் அடியில் ஒன்று, மேலே ஒன்று என இரண்டு பொருள்களைச் சேர்ப்பதே வசதி.

காகிதக்கூழில் செய்த மென்மையான படுக்கைதான் சினை எலிக்கு என் முதல் தேர்வு. தூசி குறைவு, உறிஞ்சும் தன்மை அதிகம், குட்டியின் தோலை உறுத்தாது. வெளிர் நிறத்தில் இருந்தால் சிறுநீரின் நிறமும் இரத்தக் கசிவும் உடனே கண்ணில் படும். காகிதத்தையே அழுத்திச் செய்த பெல்லட் உருளைகள் அடி அடுக்குக்கும் மலத் தட்டுக்கும் ஏற்றவை. கெட்டியாக இருப்பதால் அவற்றின் மேல் நேரடியாகப் பிறந்த குட்டியைக் கிடத்தக் கூடாது.

ஆஸ்பென் மரச்சீவல் நல்லது. அதில் வாசனை எண்ணெய் மிகக் குறைவு. சணல் தண்டின் உட்பகுதியை நறுக்கிச் செய்யும் ஹெம்ப் படுக்கையும் தூசி நீக்கியதாக இருந்தால் பயன்படும். தேவதாரு வகையில் வரும் சிடார் சீவல் அறவே கூடாது. பைன் மரத்தைச் சூளையில் உலர்த்தி எண்ணெய்ச் சத்தைக் குறைத்திருந்தால் பலர் பயன்படுத்துகிறார்கள். உலர்த்தாத பைன் வேண்டாம். மரத்தின் நறுமணம் நமக்கு இதமாக இருக்கலாம். எலியின் கல்லீரல் அந்த ஆவியை ஒரு மருந்தைப் போலவே எதிர்கொள்கிறது. மென்மரப் படுக்கையில் வைத்த எலிகளிலும் சுண்டெலிகளிலும் மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் கூடுவதை 1967இலேயே சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. எந்த மரம் என்று தெரியாமல் தச்சுப் பட்டறையிலிருந்து அள்ளிவரும் சீவலில் இன்னொரு ஆபத்து: பிளைவுட் பசையும் வார்னிஷும் அதில் கலந்திருக்கும். மாவு போன்ற ரம்பத்தூளோ எந்த மரத்தினுடையதானாலும் ஆகாது. அந்தத் தூள் நேராக நுரையீரலுக்குள் போகும்.

மக்காச்சோளத் தக்கையை நொறுக்கிச் செய்த படுக்கை பார்ப்பதற்கு நேர்த்தியாக இருக்கும். ஈரம் பட்டால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அதைவிட முக்கியமான ஒன்று: அதில் உள்ள சில வேதிப்பொருள்கள் பெண் எலிகளின் பருவச் சுழற்சியைக் குலைப்பதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். இணை சேர்க்க நினைக்கும் எலிக்கு இது நிச்சயமாக வேண்டாம்.

வைக்கோலும் காய்ந்த புல்லும் சிறுநீரை உறிஞ்சாது. கூர்மையான நுனி கண்ணைக் குத்தும். பூச்சியும் பூஞ்சையும் கூடவே வரும். நனைந்தால் கட்டியாகும் பூனை மணல் வயிற்றுக்குள் போனால் அடைத்துக்கொள்ளும். எலியால் வாந்தி எடுக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். உள்ளே போன தவறான பொருள் திரும்பி வராது.

ஃபிளீஸ் துணி வளர்ந்த எலிகளுக்கு மேல்தளங்களில் விரிக்க நன்றாக இருக்கும். ஃபிளீஸ் தானாக ஈரத்தை உறிஞ்சாது, கீழே கடத்திவிடும். அடியில் உறிஞ்சும் துணி அடுக்கு கட்டாயம். ஈனும் கூண்டில் துணியே வேண்டாம். பஞ்சு, நூல், கிழிந்த துணியின் இழை எதுவானாலும் குட்டியின் காலிலோ கழுத்திலோ சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். கூடு கட்டக் கொடுக்க வேண்டியது மணமும் அச்சும் இல்லாத டிஷ்யூ காகிதம். கையால் நீளமாகக் கிழித்துப் போடுங்கள். மிச்ச வேலையைத் தாய் பார்த்துக்கொள்ளும்.

படுக்கை மூட்டையை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வெளி எலிகள் ஏறிச் சிறுநீர் கழிக்கும் இடத்தில் திறந்து வைத்தால் நோய் அந்த வழியில் வரும். மூடியுள்ள டப்பாவில், உலர்ந்த இடத்தில் வையுங்கள். பூச்சி இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் பயன்படுத்தும் முன் பிரித்துப் பைகளில் கட்டி உறைபெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்தெடுத்து, அறை வெப்பத்துக்கு வந்து ஈரம் காய்ந்த பிறகு விரியுங்கள்.

அமோனியா எப்படி வருகிறது, எவ்வளவு சுத்தம் போதும்

புதிதாகக் கழித்த சிறுநீரில் அமோனியா மிகக் குறைவு. அதில் இருப்பது யூரியா. மலத்திலும் படுக்கையிலும் உள்ள பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை உடைக்கும்போதுதான் அமோனியா கிளம்புகிறது. அதற்கு நேரமும் ஈரமும் வேண்டும். ஆகவே அமோனியாவைக் கட்டுப்படுத்த மூன்று வழிகள்: நனைந்த பகுதியை நேரத்தோடு எடுப்பது, படுக்கையை ஆழமாகவும் உலர்வாகவும் வைப்பது, காற்றோட்டம் தருவது. வாசனைத் தெளிப்பான் எதையும் தீர்க்காது, எலியின் மூக்குக்கு இன்னொரு சுமையாகும். கூண்டுக்கு வெளியே நிற்கும் உங்களுக்கு நாற்றம் தெரிகிறது என்றால் தரையோடு கிடக்கும் குட்டி பல மணி நேரமாக அதைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறது. தலையைக் குனிந்து படுக்கைக்கு அருகில் மூக்கை வைத்து மோந்து பாருங்கள். இதைவிட நல்ல சோதனை வீட்டில் இல்லை.

சாதாரண நாட்களில் தினமும் ஒருமுறை நனைந்த மூலைகளையும் மலத் தட்டையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். வாரம் ஒருமுறை பெரும்பகுதியை மாற்றுங்கள். மாற்றும்போது நனையாத பழைய படுக்கையில் ஒன்றிரண்டு கைப்பிடி எடுத்து வைத்துப் புதியதோடு கலந்துவிடுங்கள். எலிக்கு இடத்தை அடையாளம் காட்டுவது வாசனை. எல்லாவற்றையும் ஒரே நாளில் தேய்த்துக் கழுவினால் ஆண் எலிகள் மும்முரமாகச் சிறுநீர்ச் சொட்டு விட்டு மறுபடி அடையாளமிடத் தொடங்கும்; இரண்டே நாளில் முன்னைவிட அதிகமாக நாறும்.

தரைத்தட்டில் படிந்த வெண்மையான சிறுநீர்க் கறைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து தடவிச் சற்று ஊறவிட்டுத் துடைத்து, தண்ணீரில் அலசிக் காயவைத்தால் போதும். பைன் எண்ணெய், ஃபீனால் கலந்த தரை கழுவும் திரவங்கள் வேண்டாம். பழைய படுக்கையை அள்ளும் முன் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், தூசி எழாது. கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். எலிக்கடிக் காய்ச்சல், சால்மொனெல்லா, லெப்டோஸ்பைரோசிஸ் ஆகியவை எலியிடமிருந்து மனிதருக்கு வரக்கூடியவை. 2017இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு வளர்ப்பு எலிகள் வழியாகச் சியோல் வைரஸ் மனிதருக்குப் பரவியது. எலிகள் நோய் அறிகுறி எதுவும் காட்டாமலேயே அதைச் சுமந்தன. புது எலியை வாங்கினால் இரண்டு மூன்று வாரம் தனி அறையில் வைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு சேருங்கள்.

இணை சேர்ப்பது

பெண் எலி 4 அல்லது 5 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். பெரும்பாலும் மாலைக்கு மேல் தொடங்கி அரைநாள் அளவுக்குத்தான் நீடிக்கும். அப்போது முதுகில் விரல் வைத்தால் உடலை விறைத்து முதுகைத் தாழ்த்தி வாலை ஒதுக்கும், காது படபடவென்று துடிக்கும், துள்ளித் துள்ளி ஓடி நிற்கும். அந்த மாலையில் ஆண் எலி இருக்கும் கூண்டில் விட்டால் ஓர் இரவிலேயே சினை பிடித்துவிடலாம். அறிகுறியைக் கவனிக்கத் தெரியாவிட்டால் இரண்டையும் 10 நாள் சேர்த்து வையுங்கள். இரண்டு சுழற்சிகள் அதற்குள் வந்துவிடும். சேர்த்த தேதியையும் பிரித்த தேதியையும் கூண்டில் எழுதி ஒட்டுங்கள். பின்னால் பிரசவ நாளைக் கணக்கிட இந்த இரண்டு தேதிகள்தான் கைகொடுக்கும்.

இரண்டும் கட்டிப்புரண்டு சண்டையிட்டு இரத்தக் காயம் வந்தால் உடனே பிரித்துவிடுங்கள். பெண் சற்றே கத்தித் தள்ளிவிடுவது இயல்பு, பருவம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

குட்டி பிறக்கும் முன் ஆணைக் கட்டாயம் அகற்றிவிட வேண்டும். ஆண் குட்டிகளைத் தின்றுவிடும் என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் வேறு: ஈன்ற 24 மணி நேரத்துக்குள் பெண் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். ஒரு ஈற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈற்றைச் சுமப்பது தாயின் உடலைக் கரைத்துவிடும்.

சினைக்காலம்

சினைக்காலம் 21 முதல் 23 நாள். முதல் இரண்டு வாரம் வெளியே ஒன்றும் தெரியாது. வாரம் இருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்தால் ஏறுவது தெரியும். பதினான்காம் நாளை ஒட்டி வயிறு இருபுறமும் புடைக்கும், முலைக்காம்புகள் துலங்கும். அதுவரை தன் தோழிகளோடு பழைய கூண்டிலேயே இருக்கட்டும். தனிமை சினை எலிக்கு நல்லதில்லை.

உணவில் புரதம் சற்றுக் கூட வேண்டும். சாதாரண வளர்ந்த எலிக்கான தீவனத்தில் 14 முதல் 16 சதவீதம் புரதம் போதும் என்றால் சினைக்கும் பாலூட்டலுக்கும் 18 முதல் 20 சதவீதம் தேவை. அவித்த முட்டையில் சிறு துண்டு அவ்வப்போது கொடுக்கலாம். பாலூட்டும்போது தாய் உண்ணும் அளவும் குடிக்கும் தண்ணீரும் இரண்டு மூன்று மடங்காகும். தண்ணீர்க் குப்பி ஒன்று அடைத்துக்கொண்டால் பால் வற்றிவிடும் என்பதால் இரண்டு குப்பிகள் மாட்டுங்கள். அவை சொட்டிப் படுக்கையை நனைக்காத இடத்தில், கூட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கட்டும்.

பதினெட்டாம் நாள் வாக்கில் ஈனும் கூண்டுக்கு மாற்றுங்கள். ஒரே தளம் உள்ளதாக, கம்பி இடைவெளி 1 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். மாடியும் ஏணியும் வேண்டாம். வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு ஏறும் தாய் தவறவிடலாம். அடியில் காகித பெல்லட் மெல்லிய அடுக்கு, அதன் மேல் காகிதக்கூழ்ப் படுக்கை 5 முதல் 7 சென்டிமீட்டர் உயரம், ஒரு மூலையில் பெரிய வாசல் வைத்த பெட்டி, கிழித்த டிஷ்யூ ஒரு குவியல். இன்னும் ஆழமாகப் போட்டால் கூட்டிலிருந்து நழுவிய குட்டி புதைந்து குளிர்ந்துபோகும். பழைய கூண்டின் படுக்கையில் ஒரு கைப்பிடியை இங்கே கலக்க மறக்காதீர்கள். இந்தப் படுக்கை அடுத்த பல நாளுக்கு மாறாது என்பதால் இப்போதே தாராளமாகவும் சுத்தமாகவும் போடுவது பின்னால் உதவும்.

அறை வெப்பம் 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. எலிக்கு வியர்க்காது; உடல் சூட்டைப் பெரும்பாலும் வால் வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டும் அறையில் சினை எலி தவித்துப்போகும். காற்று மிக வறண்டிருந்தாலும் சிக்கல் உண்டு. ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் குட்டிகளின் வாலில் வளையம் போல இறுக்கம் விழலாம்.

குட்டி ஈனும் நேரம்

லேசான இரத்தக் கசிவு, உடலை நீட்டி நீட்டி முறுக்குவது, கூட்டை விட்டு நகராமல் இருப்பது ஆகியவை தொடங்கிவிட்டதன் அடையாளம். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். தாய் நஞ்சுக்கொடியைத் தின்னும், குட்டியை நக்கிச் சுத்தம் செய்யும். நீங்கள் செய்ய வேண்டியது விளக்கைக் குறைத்துவிட்டு விலகி இருப்பது மட்டும். இரண்டு மணி நேரமாக முக்கியும் குட்டி வெளிவராவிட்டால், இரத்தம் நிற்காமல் போனால், தாய் சோர்ந்து குளிர்ந்துவிட்டால், அல்லது 24ஆம் நாளும் கடந்துவிட்டால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

எல்லாம் அடங்கியபின், தாய் உண்ணவோ குடிக்கவோ வெளியே வரும் நேரத்தில் ஒருமுறை கூட்டைப் பாருங்கள். இறந்த குட்டி இருந்தால் எடுத்துவிடுங்கள். உயிருள்ள குட்டிகளின் வயிற்றில், மெல்லிய தோலுக்கு அடியில் வெண்மையான திட்டு தெரிய வேண்டும். அது பால் நிறைந்த இரைப்பை. அந்த வெண்திட்டு தெரிந்தால் நிம்மதியாக இருக்கலாம். 12 மணி நேரம் கழித்தும் எந்தக் குட்டியிலும் அது இல்லையென்றால் தாய்க்குப் பால் சுரக்கவில்லை. அதே சமயம் ஈன்ற வேறொரு எலி இருந்தால் குட்டிகளை அதனிடம் மாற்றுவதே மிகச் சிறந்த வழி. இதற்காகவே அனுபவமுள்ளவர்கள் இரண்டு பெண்களை ஒரே வாரத்தில் இணை சேர்ப்பதுண்டு. 5, 6 கிராம் குட்டிக்குக் கையால் பாலூட்டுவது இரவு பகலாக இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை, பிழைப்பது கடினம்.

மனித வாசனை பட்டால் தாய் குட்டிகளைக் கொன்றுவிடும் என்ற பயம் பழகிய எலியிடம் பெரும்பாலும் தேவையில்லை. கையைக் கழுவி, கூண்டுப் படுக்கையில் தேய்த்துக்கொண்டு, சில நிமிடத்துக்குள் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். தாயைக் கலங்கடிப்பது சத்தமும், திரும்பத் திரும்பத் தொந்தரவும், கூட்டைப் பிரித்துக் கலைப்பதும்தான்.

முதல் இரண்டு வாரம்: கூட்டைத் தொடாதீர்கள்

இங்கேதான் நல்லெண்ணத்தில் பலர் தவறு செய்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு குட்டிகள் இருக்கின்றனவே, படுக்கை நாறிவிடாதா என்று இரண்டாம் நாளே கூண்டைக் காலி செய்து கழுவுவார்கள். இந்தக் கட்டத்தில் குட்டிகளால் தாமாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் அடிவயிற்றை நக்கித் தூண்டினால்தான் வெளிவரும். வெளிவந்ததைத் தாயே குடித்துவிடும். பாலில் இழந்த தண்ணீரில் பெரும்பகுதியை இப்படித்தான் அது திரும்பப் பெறுகிறது. ஆகவே கூட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தால் அது உலர்ந்தே இருக்கும். நனைவது தாய் சிறுநீர் கழிக்கும் எதிர் மூலை மட்டும்.

முதல் மூன்று நாள் எதையும் மாற்ற வேண்டாம். நான்காம் நாளிலிருந்து அந்த எதிர் மூலையை மட்டும் தினமும் கரண்டியால் அள்ளிவிட்டுப் புதிது போடுங்கள். பத்தாம் நாளை ஒட்டிக் கூட்டைத் தவிர்த்த மற்ற பகுதியில் பாதியை மாற்றலாம். கூடு அப்படியே இருக்கட்டும். முதல் வாரத்தில் குட்டியால் தன் உடல் சூட்டைக் காக்க முடியாது. தாய் கட்டிய அந்தக் குழிவும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் உடன்பிறப்புகளும்தான் சூடு தருகின்றன.

ஒரு வாரத்தில் மென்முடி முளைக்கத் தொடங்கும். பாலினம் கண்டறிய எளிதான நாட்கள் 8 முதல் 12 வரை: பெண் குட்டிகளின் வயிற்றில் முலைக்காம்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும், பிறகு முடி மூடிவிடும். ஆண்களுக்கு அவை இருக்காது. மலத்துளைக்கும் சிறுநீர்த் துளைக்கும் இடைவெளியும் கூடுதலாக இருக்கும். இந்த நாட்களில் பார்த்துக் குறித்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது. தினமும் சில நிமிடம் குட்டிகளைக் கையில் எடுத்துப் பழக்கவும் இதுவே நேரம்.

கண் திறந்த பிறகு: வேலை தொடங்குகிறது

பதினான்கு, பதினைந்தாம் நாளில் கண் திறக்கும். அத்தோடு குட்டிகள் கூட்டை விட்டு வெளியே வரும், தாமாகச் சிறுநீர் கழிக்கும், தாயின் தீவனத்தைக் கொறிக்கும். ஒரே வாரத்தில் படுக்கையின் நிலை தலைகீழாக மாறிவிடும். நேற்றுவரை ஒரு மூலையை மட்டும் அள்ளியவர் இன்றைக்குக் காலையும் மாலையும் பார்க்க வேண்டும். பதினாறாம் நாள் வாக்கில் முதல் முறையாகப் படுக்கையை முழுவதும் மாற்றுங்கள். கூட்டிலிருந்து உலர்ந்த டிஷ்யூவில் ஒரு பங்கை மட்டும் புதிய பெட்டிக்குள் வையுங்கள். அதன் பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை முழு மாற்றம் வேண்டியிருக்கும்.

குட்டிகள் தாயின் மலத்தைத் தின்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். இந்த வயதில் தாயின் மலத்திலிருந்து வரும் ஒரு மணம் அவற்றை இழுக்கிறது; குடலுக்குத் தேவையான நல்ல பாக்டீரியாக்கள் அந்த வழியில்தான் சேர்கின்றன. ஆகவே கிருமிநாசினி தெளித்துப் பளபளவென்று வைக்க இது சமயமல்ல. நனைந்ததை எடுங்கள், உலர்ந்த உருண்டைகள் சில கிடக்கட்டும்.

இதே வாரத்தில் மலத் தட்டு வைத்துப் பழக்கலாம். குட்டிகள் மலம் கழிக்கத் தேர்ந்தெடுத்த மூலையிலேயே தாழ்ந்த விளிம்புள்ள தட்டை வைத்து, மற்ற தரையிலிருந்து வேறுபட்டுத் தெரிய அதில் காகித பெல்லட் போட்டு, நாலைந்து உருண்டைகளையும் எடுத்துப் போடுங்கள். தாய் ஏற்கெனவே பழகியிருந்தால் குட்டிகள் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். சிறுநீரை முழுதாகத் தட்டுக்குள் கொண்டுவர முடியாது.

பிரிக்கும் நாள்

மூன்று வாரத்தில் குட்டிகளால் பால் இல்லாமலும் வாழ முடியும். இருந்தாலும் இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் தாயோடு விடுங்கள்; கடியின் அளவு, விளையாட்டின் எல்லை எல்லாம் அப்போதுதான் படிகின்றன. நான்கரை வாரம் ஆனதும் ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரித்துவிடுங்கள். ஐந்து வாரத்தைத் தாண்டவே கூடாது. ஒவ்வொரு குட்டியையும் கையில் எடுத்துத் திரும்பப் பாருங்கள், விதைப்பை இப்போது தெளிவாகத் தெரியும். ஆண்களைப் புதுக் கூண்டில் விடும்போது பழைய கூண்டின் உலர்ந்த படுக்கையைக் கொஞ்சம் கொண்டு போங்கள். பெண் குட்டிகள் தாயோடே இருக்கலாம்.

ஆறு வாரம் முடிந்த பிறகு புது வீட்டுக்கு அனுப்பலாம். உண்டு பழகிய தீவனத்தில் இரண்டு வாரத்துக்கானதையும், ஒரு பை நிறைய அவை படுத்த படுக்கையையும், பிறந்த தேதியும் பெற்றோர் விவரமும் எழுதிய தாளையும் கொடுத்தனுப்புங்கள். எந்தப் படுக்கையில் வளர்ந்தன, எது கூடவே கூடாது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். பின்னாளில் கட்டியோ மூச்சுத் தொல்லையோ வந்தால் உங்களுக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஈற்றுக்கு இந்த ஜோடி தகுமா என்பதை அந்தச் செய்திதான் சொல்லும். தாய் எலியைப் பழைய தோழிகளிடம் சேர்த்து, எடை பழையபடி வந்து, உதிர்ந்த முடி நிரம்பும்வரை குறைந்தது இரண்டு மாதமாவது ஆண் எலியின் பக்கம் விட வேண்டாம்.